பயிற்சிக்குப் போன மருந்தாளுநர்

கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவள் நான். இதே மாதிரி நிலையங்களில் அல்லாடுகிறவர்களுக்கு நான் சொல்லப்போவதில் எதுவும் புதிதாக இருக்காது.

ஒரு பெயர் வேண்டும்

மூச்சில்லாமல் பிறக்கும் குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பயிற்சி, கள்ளக்குறிச்சியில் இரண்டு நாள், ஓர் ஆளை அனுப்பவும் என்று கடிதம் வந்தது. எங்களிடம் செவிலியர் இரண்டு பேர். மூத்தவர் போனால் பிரசவம் பார்க்க அனுபவமுள்ள ஆளில்லை. புதிதாகச் சேர்ந்த செல்வி போனால் மூத்தவர் இரவும் பகலும் நிற்க வேண்டும். மருந்து அறையைப் பூட்டினால் மட்டும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று முடிவானது. நான் செவிலியர் இல்லையே என்றேன். டாக்டர் சொன்னார்: "ஆள் வரலன்னா எனக்கு மெமோ வரும். நீங்க சும்மா போய் உக்காந்துட்டு வாங்கம்மா."

உயராத நெஞ்சு

அங்கே சும்மா உட்கார விடவில்லை. ரப்பர் பொம்மையின் வாயும் மூக்கும் மூடும்படி முகமூடியை வைத்துக் காற்றுப் பையை அமுக்க வேண்டும். நெஞ்சு உயர வேண்டும். எனக்கு உயரவில்லை. முகவாய் நெஞ்சில் படும்படி தலையைக் குனிய வைத்திருந்தேன். மறுபடி செய்தேன், முகமூடியின் ஓரத்தில் காற்று கசிந்தது. சுற்றி நின்ற செவிலியர்கள் சிரித்தார்கள். பயிற்சி கொடுத்த அம்மா சிரிக்கவில்லை: "ரெண்டு வாட்டி சாவடிச்சிட்டீங்க. மூணாவது வாட்டி பொழைக்க வையுங்க, அப்புறம் சாப்பிடப் போலாம்."

டாக்டர் கீழே போன நாள்

அடுத்த மாதம் ஒரு நாள் டாக்டர் ஆய்வுக் கூட்டத்துக்குக் கள்ளக்குறிச்சி போயிருந்தார். மூத்த செவிலியர் தடுப்பூசி முகாமில். பகல் பதினொரு மணிக்கு ஒரு பெண்ணை வலியோடு ஜீப்பில் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் மலையேறி வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது.

செல்வி கூப்பிட்ட குரல் கேட்டு உள்ளே ஓடினேன். குழந்தை நீலம் பாரித்துத் துவண்டு கிடந்தது. துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், அழவில்லை. காற்றுப் பை உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. அவள் அதைத் தொட்டதே இல்லை. என்னைப் பார்த்தாள்: "அக்கா, டிரெய்னிங் நீங்கதானே போனீங்க?"

வாசலில் இருந்தவர்

செல்வி தொப்புள்கொடியை வெட்டித் தந்தாள். உறையைக் கிழித்து, முகமூடியை வைத்துப் பையை அமுக்கினேன். நெஞ்சு உயரவில்லை. விரலுக்குக் கீழே உடம்பு சூடாக இருந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. தலையை நேராக்கினேன், ஓரத்தை இறுக்கினேன். உயர்ந்தது. செல்வி சத்தமாக எண்ணினாள். எத்தனை எண்ணினாள் என்று தெரியாது. முதலில் ஒரு விக்கல், பிறகு முனகல், கடைசியில் அழுகை.

வெளியே தகப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார். குழந்தை அழுகிறது என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை: "கேக்குதுங்க. மாத்திர குடுக்கறவங்களே உள்ள ஓடிக்கினு போனதும், இனிமே இன்னா இருக்குதுன்னு ஒக்காந்துட்டேங்க."

பதிவேடு

தாயும் பிள்ளையும் ஆம்புலன்ஸில் பத்திரமாகக் கீழே போய்ச் சேர்ந்தார்கள். சாயங்காலம் பதிவேடு எழுதும்போது செல்வியின் பேனா நின்றது. சிகிச்சை செய்தவர் என்ற கட்டத்தில் மருந்தாளுநர் பெயரை எழுத முடியாது. குழந்தை அழாமலே போயிருந்தால் அங்கே யார் பெயர் இருந்திருக்கும்? அவள் எழுதி முடித்து, ஒரு துண்டைக் குழந்தை அளவுக்குச் சுருட்டி என் முன்னால் வைத்தாள்: "என் பேரத்தான் எழுதியிருக்கேன். அது பொய்யா இருக்கக் கூடாதுக்கா, இப்பவே கத்துக் குடுங்க."

யார் இல்லாவிட்டால் வேலை நிற்காதோ அவரையே பயிற்சிக்கு அனுப்பும்வரை, ஆபத்து வரும் நாளில் அவர் லீவு போட்டுவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருப்பதும் நம் வேலைகளில் ஒன்று.