ரீச்சர் கழற்றிப் பூட்டிய கணினி

அந்தக் கணினி கத்திய விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆளியை அழுத்தியதும் உள்ளே மின்விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே கிடந்தது. பிறகு நீளமாக ஒரு கூவல், சிறு இடைவெளி, மறுபடி அதே கூவல். கிளிநொச்சியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், தவணைப் பரீட்சை நெருங்கிய ஒரு காலை அது. ஆசிரியர் அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தோம். கணினிக்கு உரியவரான வரலாற்று ரீச்சர் மட்டும் தலையைச் சற்றுச் சாய்த்து, ஒருவர் சொல்லும் முறைப்பாட்டைக் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரீச்சருக்குக் கண் தெரியாது. போரின் கடைசி மாதங்களில் பக்கத்தில் விழுந்த எறிகணை இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வந்ததும் வவுனியாவில் பார்வையற்றோருக்கான பயிற்சியொன்றில் கணினியை இயக்கவும் கழற்றிப் பூட்டவும் பழகினார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு, முன்பு படிப்பித்த அதே பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்து, உயர்தர வகுப்புக்கு வரலாறு எடுத்தார். வினாத்தாளைத் தானே தட்டச்சு செய்வார். யாராவது இரக்கப்பட்டுப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. “என்னைப் பாவம் பாக்கிற நேரத்தில நாலு கொப்பியைத் திருத்துங்கோ” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

கூவல் கேட்டுப் பள்ளிக்கூட அதிபர் வந்தார். கெட்ட மனிதர் அல்லர். அதனால்தான் அவரை எதிர்ப்பது கடினமாக இருந்தது. நகரத்தில் கணினி திருத்துபவரைத் தொலைபேசியில் பிடித்தார். அந்தப் பெட்டியின் வயதைக் கேட்டதுமே, அதற்கு இனிச் சாமான் கிடைக்காது, புதிது எடுங்கள் என்று மறுமுனையில் சொன்னார்கள். அதிபர் குரலைத் தாழ்த்தி, “ரீச்சர், இந்த முறை பேப்பரை வேற ஆரும் போடட்டும். நீங்களும் எவ்வளவு காலம்தான் கஷ்டப்படுறது? மருத்துவக் காரணம் காட்டி ஓய்வெடுத்தால் ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்” என்றார். ரீச்சர் சிரித்தார். “குறை சொல்லமாட்டினம் எண்டு தெரியும் சேர். அதுதான் எனக்குப் பிரச்சினை. பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ.” அதிபர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் ரீச்சருக்குத் தெரியாது என்பது பிறகுதான் நினைவு வந்தவராக, “ஓம் ரீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, “நீங்கள் வாயால சொல்லுங்கோ ரீச்சர், நான் எழுதித் தாறன்” என்றேன். நல்ல மனத்தோடுதான் சொன்னேன். “இந்தத் தவணை நீர் எழுதுவீர் பிள்ளை. அடுத்த தவணை வேறொருத்தர் எழுதுவார். அதுக்கடுத்த தவணை கேள்வியையும் அவையே போடுவினம். பிறகு எனக்கு வகுப்பு எதுக்கு?” என்றார். பிறகு என்னிடம் ஸ்குரூ டிரைவர் வாங்கிவரச் சொன்னார். மின்கம்பியைப் பிடுங்கினார். பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு, உடம்பில் தேங்கிய மின்சாரத்தைப் போக்கினார். “உடைஞ்சுபோனால்?” என்று கேட்டேன். “ஓடாமல் நிக்கிறதை இனி என்னண்டு உடைக்கிறது?” என்றார்.

மூடியைத் திறந்ததும் கிளிநொச்சிப் புழுதி முழுவதும் அதற்குள்தான் குடியிருந்தது என்று தெரிந்தது. காற்றுப்போகும் துளைகளில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ரீச்சர் அதைக் கிள்ளி எடுத்து என் கையில் வைத்தார். “இப்பிடி நீளமாக் கத்தினால் ராமில பிழை. கண் தெரிஞ்சவை திரையைப் பாத்துக்கொண்டிருப்பினம், அது பாவம், கத்திக் கத்திச் சொல்லும்” என்றார். ராம் என்றால் விரல் நீளப் பச்சைத் தகடு. கணினி வேலை செய்யும் நேரத்தில் நினைவில் வைத்திருப்பதெல்லாம் அதில்தான். அப்படி இரண்டு இருந்தன. விரல்களால் தேடி, இரு முனைக் கொழுக்கிகளையும் நெம்பி வெளியே எடுத்து, பொன்னிற விளிம்பை பென்சில் அழிக்கும் றப்பரால் தேய்த்து மறுபடி பொருத்தினார். மின்கம்பியைச் செருகுவதும் பிடுங்குவதும் இனி என் வேலை. ஆளியை அழுத்தினேன். அதே கூவல். ஒன்றைக் கழற்றி மற்றதோடு மட்டும் பார்த்தார். அதே கூவல். வாசலில் நின்று பார்த்த இருவர் மெதுவாக நழுவினார்கள். ரீச்சர் சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துவிட்டு, இருந்ததை எடுத்து, கழற்றியதை அதன் இடத்தில் வைத்து, இரு பெருவிரலாலும் அழுத்தினார். கிளிக் என்றது. “இப்ப போடும்.”

கணினி ஒரேயொரு சின்னக் கூவல் கூவியது. பிறகு மின்விசிறியின் சத்தம் மட்டும். “இனிக் கத்தாது. என்ன போட்டிருக்கு? வாசியும்.” திரையில் எழுத்து வந்திருந்தது. மென்பொருள் பேசத் தொடங்காத கட்டம் அது. அங்கே என் கண் தேவைப்பட்டது. திகதியும் நேரமும் பிழை, சரிசெய்யவும் என்று ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்தேன். “உள்ளுக்க மணிக்கூட்டை ஓட்டுற சின்னப் பற்றறி செத்திருக்கும். அது செத்தால் பெட்டி செய்த காலத்துத் திகதிக்கே போயிடும். இப்ப எந்த வருசம் காட்டுது?” என்று கேட்டார். சொன்னேன். போர் முடிவதற்கு முந்திய ஒரு வருடம். அந்த வருடம் ரீச்சருக்குக் கண் இருந்தது. ரீச்சரின் விரல்கள் விசைப்பலகையின் விளிம்பில் அப்படியே நின்றன. பிறகு, “உதில நிக்க ஏலாது. இண்டைய திகதியைப் போடும்” என்றார். போட்டேன்.

பாதி நினைவோடு ஓடிய கணினி ஆமைபோல எழுந்தது. அந்த இயந்திரக் குரல் தமிழில் வாசிக்கத் தொடங்கியதும் ரீச்சர் என்னை மறந்துவிட்டார். மதியச் சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படவேயில்லை. பின்னேரம் அதிபர் வந்தபோது அவரைத் தன் கதிரையில் இருத்தி, தட்டச்சு செய்து முடித்த வினாத்தாளைக் காட்டி, “எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கோ சேர்” என்றார். அதிபர் கண்ணாடியை ஏற்றி இறக்கி முழுவதும் வாசித்தார். “ஒண்டும் இல்லை ரீச்சர்.” “அப்ப அச்சடிக்கக் குடுங்கோ.” ஓய்வைப் பற்றிய பேச்சை அதிபர் அதன்பிறகு எடுக்கவில்லை. ரீச்சர் ஓய்வுபெற்றது, எல்லோரையும் போல அறுபது வயது நிறைந்த பிறகுதான்.

நான் இப்போது வேறொரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். இங்கே ஒரு விரலால் தொட்டால் விழிக்கும் மெல்லிய கணினிகள் இருக்கின்றன. ஒன்று நின்றுவிட்டால் யாரும் திறந்து பார்ப்பதில்லை, அடுத்ததைக் கேட்டு எழுதுகிறோம். இதை எழுதப்போகிறேன் என்று சொல்லி அனுமதி கேட்க ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் அவரிடம் படிக்க வந்த பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

“தாராளமா எழுதும் பிள்ளை” என்றார். “ஆனா அண்டைக்கு நான் அழுத மாதிரி ஒரு இடத்திலயும் எழுதிப்போடாதேயும். திகதியை மாத்தேக்க மூக்கை உறிஞ்சினது நீர். எனக்குக் காது நல்லாக் கேக்கும்.”