கடைசி பஸ்ஸுக்குப் பிறகு ஒரு தீர்மானம்

மேற்கு ஜெர்மனியில் ஒரு சிறு நகரம். மாவட்ட மன்றம் கூடியிருக்கிறது. பார்வையாளர் வரிசையில் நானும், என்னை அழைத்து வந்த ஆராய்ச்சி மாணவர் சேகரும், அவர் குடியிருக்கும் கிராமத்து ஜனங்களும். அந்தக் கிராமத்துக்கு ஓடும் ஒரே பஸ்ஸை நிறுத்துவதா என்று மன்றம் இன்று முடிவு செய்யப்போகிறது. நிறுத்தினால் சேகருக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மாள் இங்கே செருப்புத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வர முடியாது.

ஆனால் அது கடைசி விஷயமாம். முதலில் ஏரி மீன்களைப் பற்றி நீண்ட விவாதம். எனக்கு ஜெர்மன் தெரியாது. கொட்டாவி விடவேண்டிய இடங்கள் மட்டும் நன்றாகப் புரிகின்றன.

வீட்டுக்காரம்மாள் எழுந்து ஏதோ கேட்கிறார். தலைவர் மணி அடித்து உட்காரவைக்கிறார்.

"என்னப்பா கேட்டாங்க?"

"கடைசி பஸ் போயிடும், எங்க விஷயத்தை முதல்ல எடுங்கன்னாங்க. பார்வையாளர் பேசக்கூடாதாம் சார். ரூல்."

"நம்ம ஊரா இருந்தா இந்நேரம் நாற்காலி பறந்திருக்கும்."

"அதுக்குத்தான் தரையோட திருகி வச்சிருக்கான். கிளம்புங்க சார், இந்த பஸ்ஸை விட்டா நடைதான்."

எல்லோரும் எழுகிறோம். கோபத்தில் கதவை அறைந்து சாத்துகிறேன். ஜெர்மன் கதவு, சத்தமே இல்லாமல் மெத்தென்று மூடிக்கொள்கிறது.

எதிரே நிற்கும் பஸ்ஸில் ஏறுகிறோம். மன்றத்தின் ஜன்னலில் வெளிச்சம். காலியான எங்கள் வரிசைக்கு முன்னால், ஓட்டெடுப்புக்கு உறுப்பினர்களின் கைகள் எல்லாம் ஒன்றாக உயர்கின்றன, எங்களுக்கு டாட்டா காட்டுவதுபோல. டிரைவரும் அதைப் பார்க்கிறார். பஸ்ஸைக் கிளப்பி ஹார்னை அழுத்துகிறார்.

ஊர் எல்லை தாண்டும்வரை ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை.