அண்ணிக்கு நான் எழுதிக் கொடுத்த நோய்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசி மாதத்தில், திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் தொடங்கியது இது. அப்போது நான் முதுகலைத் தமிழ் முதலாண்டு மாணவி. குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க வேண்டுமா, தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லையா, மனு எழுத எங்கள் தெருவில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். நான் அதிகம் பேசாதவள். ஆனால் எழுத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது என்ற கர்வம் எனக்கு இருந்தது. அந்தக் கர்வத்தை இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

என் அண்ணி, இறால் உரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருந்தார். ரப்பர் பூட்ஸ், ஐஸ் தண்ணீர் தேங்கிய தரை, எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை. கையுறை போட்டாலும் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவருடைய சம்பளத்தில் மாதந்தோறும் தொழிலாளர் காப்பீட்டுக்கென்று ஒரு தொகை பிடிப்பார்கள். அந்தக் காப்பீட்டில் நோய்க்கு ஓர் உதவி உண்டு. பேறுகாலத்துக்கு வேறோர் உதவி உண்டு. இந்த எளிய வேறுபாடு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாடுகள் எட்டையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்த எனக்கும் தெரியாது.

அண்ணி கருவுற்று ஏழாம் மாதம் தொடங்கியபோது மேற்பார்வையாளர் அவரைத் தனியே கூப்பிட்டாராம். அன்று மாலை, கால்களைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்தபடி, அவர் பேசியதை அண்ணி அப்படியே நடித்துக் காட்டினார்.

"இன்னாம்மா, வயித்த தள்ளிக்கினு எத்தினி நாள் டிரே தூக்குவ? பிரசவ லீவுன்னு போட்டா ஆபீஸ்ல பேஜாரு. ஒடம்பு சரியில்ல, நிக்க முடியலன்னு எழுதிக் குடு. மூணு மாசம் நோவுப் பணம் வரும். அப்பால வந்து சேந்துக்கோ. எல்லாப் பொம்பளைங்களும் இப்டித்தான் எழுதுறாங்கோ."

எல்லோரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள், உண்மை. அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

"பாப்பா, நல்லா எழுதிக் குடு. கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்" என்றார் அண்ணி.

உருக்கமாக எழுத எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? 'கடும் உடல்நலக் குறைவின் காரணமாக, நீண்ட நேரம் நின்று பணியாற்றும் உடல் தகுதியை நான் முற்றிலும் இழந்துள்ளேன்' என்று எழுதினேன். 'முற்றிலும்' என்ற சொல்லை இரண்டாம் முறை படிக்கையில் சேர்த்தேன். வாக்கியத்துக்கு ஒரு கனம் வந்ததாக மகிழ்ந்தேன். கர்ப்பம் என்ற சொல் அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. அண்ணி கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் நாள் தொழிற்சாலையிலிருந்து பதிவுத் தபால் வந்தது. 'தங்கள் கடிதத்தில் தாங்களே குறிப்பிட்டுள்ளபடி, பணிக்கான உடல் தகுதியை முற்றிலும் இழந்துவிட்ட நிலையில், தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்.'

என் வாக்கியம். என் 'முற்றிலும்'.

அண்ணன் கன்டெய்னர் லாரியோடு வெளியூர் போயிருந்தார். மறுநாள் நானும் அண்ணியும் இரண்டு பேருந்து மாறிக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த எழுத்தர் ஒரு நடுவயதுப் பெண். கடிதத்தின் நகலைப் படித்தார், அண்ணியின் வயிற்றைப் பார்த்தார், மறுபடியும் படித்தார்.

"எந்த டாக்டர்மா இதை நோய்னு சொன்னாரு?"

அண்ணி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்.

"பிரசவத்துக்குத் தனி விடுப்பு இருக்கு. இருபத்தாறு வாரம். பணமும் நாங்கதான் குடுக்கிறோம், கம்பெனிக்காரன் கைக்காசு இல்ல. அந்த நேரத்துல வேலையை விட்டுத் தூக்கவும் கூடாது. அதுக்குத்தான் உங்களை நோயாளி ஆக்கிட்டான். யாரு இதை எழுதினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். "நான்தாம்மா எழுதுனேன்."

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட அண்ணி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுத்தர் அந்தக் கையெழுத்தையும் கடிதத்தின் எழுத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எப்படிப் போவது என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி என் கையில் கொடுத்தார்.

வெளியே வந்ததும், "ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"படிக்கிற பொண்ணு நீ. உன்னப் போய் அவங்க முன்னாடி திட்டு வாங்க வைப்பனா? வா, பசிக்குது."

தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தோம். இந்த முறை அண்ணி சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு சொல்லையும் நான் சேர்க்கவில்லை. மூன்றாம் வாரம் ஆய்வாளர் இரு தரப்பையும் அழைத்தார். மேற்பார்வையாளர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். என் கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

"சார், நாங்க வேலைய வுட்டு அனுப்பல. அவங்களே எழுதிக் குடுத்தது. எவ்ளோ அழகா எழுதியிருக்காங்கோ, படிச்சுப் பாருங்க" என்றார். என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "வூட்ல காலேஜ் பொண்ணு கீதுல்ல, சார்."

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. படிக்காதவர்களை ஏமாற்றப் படித்த ஒருத்தி வீட்டிலேயே இருப்பது எத்தனை வசதி என்பதும் தெரிந்திருந்தது.

எழுந்து நின்றேன். கல்லூரியில் கருத்தரங்குக் கட்டுரை படிக்கவே தயங்குகிறவள் நான்.

"கடிதத்தை எழுதியது நான், ஐயா. என்ன எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பியவர் இவர். அண்ணிக்கு எந்த நோயும் இல்லை. ஏழாம் மாதம் என்பது இவருக்குத் தெரியும். தெரிந்துதான் கர்ப்பம் என்ற சொல் கடிதத்தில் வராமல் பார்த்துக்கொண்டார். விவரம் தெரியாமல் நானும் அதற்கு உடன்பட்டேன்."

மேற்பார்வையாளர் குறுக்கே ஏதோ பேசப் போனார். அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"நோவுன்னா மாத்திரை போட்டா பூடும் சார். இது பூடாது, பொறக்கும். நாலு வருசமா அந்த ஐஸ் தண்ணியில நின்னுகினு கீறேன். ஒரு நாள் நிக்க முடியலன்னு சொல்லிருப்பனா? அவரையே கேளுங்க."

ஆய்வாளர் கேட்டார். மேற்பார்வையாளர் அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் சொன்னபடி பணிநீக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அண்ணி பேறுகால விடுப்பில் இருப்பதாக எழுத்தில் கொடுக்கத் தொழிற்சாலைக்கு மேலும் இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அண்ணி சரியாகத் தூங்கவில்லை. பெண் குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்ததும், அண்ணி அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு அதே வாசல் வழியாக வேலைக்குப் போனார். மேற்பார்வையாளரும் அங்கேதான் இருக்கிறார். யாரும் அவரை ஒன்றும் செய்யவில்லை. 'தவறுதலாக நேர்ந்தது' என்று தொழிற்சாலை எழுதிக் கொடுத்த ஒரு வரியோடு அவருடைய கணக்கு முடிந்துவிட்டது. அண்ணிக்கு முன்பு அதே மாதிரிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டோடு போன பெண்களுக்கு அந்த ஒரு வரியும் கிடைக்கவில்லை.

இப்போது அந்தத் தொழிற்சாலையில் ஒரு பெண்ணுக்கு வயிறு தெரியத் தொடங்கினால், அண்ணி அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார். "பாப்பா, எழுது" என்கிறார். 'நான் கர்ப்பமாக இருக்கிறேன்' என்று முதல் வரியை எழுதிவிட்டுத்தான் மற்றதைக் கேட்கிறேன். ஒவ்வொரு முறை அந்த வரியை எழுதும்போதும், அன்று நான் அழகுக்காகச் சேர்த்த அந்த ஒற்றைச் சொல் ஒரு தாயைத் தெருவில் நிறுத்தப் பார்த்ததே என்ற கோபம் கைவிரல் வரை வருகிறது. அது தணிந்துவிடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.