அறுபதுக்கு நாற்பது

மென்பொருள்களுக்கு யாரும் படிக்காத கையேடுகளை எழுதுவது என் வேலை. அது போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. வந்ததெல்லாம் வகுத்தல்தான். மனைவியிடம் சொல்லாமல், வழக்கம்போல் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஈஜிபுராவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ஏசியில் நின்று பற்பசையை ஆராய்வேன். நூறு கிராம் அறுபது ரூபாய். இருநூறு கிராம் நூற்று முப்பது. பெரிய பாக்கெட்தான் மலிவு என்று ஐம்பது வயதுவரை நம்பியிருந்தேன். இரண்டு பட்டம் வாங்கியவன் வேறு.

அடுத்தது காப்பிப்பொடி. எங்கள் தெருக்கடையில் கேட்ட விகிதத்தில் சிக்கரி கலந்து அரைத்துத் தருவார்கள். கொட்டை கிலோ எண்ணூறு, சிக்கரி இருநூறு. நான் வாங்கும் எண்பதுக்கு இருபது கலவை அறுநூற்று எண்பது ஆகிறது. அறுபதுக்கு நாற்பது என்றால் ஐந்நூற்று அறுபதுதான். மாதம் அரைக் கிலோ. அறுபது ரூபாய் மிச்சம். இதற்கு அரை மணி நேரம் யோசித்தேன். நேரம்தான் நிறைய இருந்ததே.

"அறுபது நாப்பதா? என்ன சார், வேண்டாத விருந்தாளி யாராவது வந்திருக்காங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா, கொஞ்ச நாள் தங்குற மாதிரி தெரியுது" என்றேன்.

மறுநாள் காலை நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். மாமனார் வீட்டுக் காப்பியில் சிக்கரி முப்பது என்று குறை சொல்லித்தான் நான் இல்லறத்தையே தொடங்கினேன். அந்தச் சண்டை ஒவ்வொரு தீபாவளிக்கும் புதுப்பிக்கப்படும்.

"ஏங்க, வேலை போயிடுச்சா?"

"ம்."

"எப்போ?"

"போன மாசம்."

"அப்புறம் தினமும் பையைத் தூக்கிட்டு எங்க போறீங்க?"

"கடை கடையா விலை பார்க்க."

அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. டம்ளரில் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டு ஆற்றினாள்.

"இவ்வளவு கசந்தா சக்கரை கூடப் போகும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டீங்களா?"

போடவில்லை. அங்கேயே உட்கார்ந்து போட்டேன். இரண்டு பேர், இரண்டு வேளை, ஆளுக்கு ஒரு கரண்டி, சர்க்கரை கிலோ நாற்பத்தைந்து. அப்போதும் கொஞ்சம் மிச்சம்தான்.

"நாப்பது ரூபா நிக்குது" என்றேன்.

"சரி. பையைக் கழட்டி வைங்க" என்றாள்.