நான் குளித்தால் மட்டும் ஒழுகும் வண்டி

சானமாவு தாண்டி ஒரு பஞ்சர் கடையருகே எங்கள் வாடகைக் கேரவனை நிறுத்தியிருக்கிறோம். அதிலுள்ள குளியலறை நான் குளித்தால் மட்டும் ஒழுகுகிறது. மனைவி குளித்தால் ஒழுகுவதில்லை. என் எடைதான் காரணம் என்கிறாள் அவள். நான் ஏறி நின்றதும் ஷவர் தட்டு அமுங்கி, அடியில் ஏதோ ஒரு குழாய் மூட்டு வாய் திறக்கிறதாம். அதைக் கண்டுபிடிக்க நான் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். அப்போது உள்ளே யார் நிற்பது?

பஞ்சர் கடைக்காரர் என்னைவிடப் பருமன். தயங்கித் தயங்கி அவரைக் கேட்கிறேன்.

"நிக்கறேன் சார். ஆனா சட்டை நனையக்கூடாது, மாமியார் ஊட்டுக்குப் போவணும்" என்றவர், குடையை விரித்துக்கொண்டு ஷவருக்கடியில் நிற்கிறார். மனைவி குழாயைத் திறக்கிறாள். கழிவுநீர்க் குழாயின் மூட்டிலிருந்து தண்ணீர், வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் என் மூக்கில் நேராகச் சொட்டுகிறது. தளர்ந்திருந்த நட்டை இறுக்குகிறேன். சொட்டு நிற்கிறது.

"சரியாயிடுச்சு, வெளியே வாங்க" என்கிறேன்.

"குளிச்சுப் பாத்தாத்தான சார் தெரியும்? சோப்பு எங்க?"

மனைவி சிரித்தபடி இறங்கி வருகிறாள். அவர் பாட்டுப் பாடிக்கொண்டு நிதானமாகக் குளிக்கிறார். கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. சேறும் கிரீசுமாக நான் போய்க் குழாயைத் திறந்தால், வண்டியின் தண்ணீர்த் தொட்டியிலும் ஒரு சொட்டு இல்லை.