அனார்குல்லின் ஐந்து அடுக்கு

தோ-அஷூ கணவாயில் ஏறும் லாரிக்காரர்களுக்கு உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும். கிடைத்ததும் பெண்டாட்டியைக்கூட அழைக்க மாட்டார்கள், அனார்குல்லைத்தான் அழைப்பார்கள்.

"அக்கா, இறங்கிட்டிருக்கேன், பானையை ஏத்து!"

அடிவாரத்துச் சாப்பாட்டுக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக மாந்தி பிடிக்கிறவள் அவள். மாந்தி என்பது ஆவியில் வேகும் ஆட்டுக்கறிக் கொழுக்கட்டை. அவளுடைய பானைக்கு ஐந்து அடுக்கு, ஆளுக்கு ஓர் அடுக்கு. மூக்குக்கு மேல் கோபம் வரும் அவளுக்கு. வந்தால் மாவைத்தான் அறைவாள், பாவம் மாவு.

கடையைப் புதிதாக வாங்கிய எர்மெக் பிஷ்கெக்கில் கணக்குப் படித்தவன். நல்ல பிள்ளைதான், ஆனால் நிறுக்காமல் எதையும் நம்ப மாட்டான். வெள்ளிக்கிழமை மதியம் பானையைத் திறந்து, அடுக்குக்கு ஒரு மாந்தி எடுத்துத் தராசில் வைத்தான். முப்பது, ஐம்பது, அறுபது, அறுபது, நூறு கிராம்.

"சராசரி அறுபது," என்றான்.

"அப்புறமென்ன? அளவு சரிதானே?"

"சராசரி மட்டும் போதாதுக்கா. ஒவ்வொண்ணும் அறுபதுலேருந்து எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு பாக்கணும். கூடவா குறைவாங்கிறது வேணாம், தூரம் மட்டும். முப்பது, பத்து, சைபர், சைபர், நாப்பது. கூட்டினா எண்பது, அஞ்சால வகுத்தா பதினாறு. என் சிட்டிக் கடையில இது ரெண்டைத் தாண்டாது. எல்லாரும் ஒரே விலை குடுக்கறாங்க, ஒருத்தருக்குக் குட்டி, ஒருத்தருக்கு குண்டா? திங்கக்கிழமைலேருந்து மாந்தி அங்கேருந்தே பெட்டியில வந்துடும். நீங்க…"

மீதியைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தன் வேலை போகிறது என்று அனார்குல்லுக்குப் புரிந்தது. போக இடமில்லாமல் இல்லை, இந்த அடுப்பை விட்டுப் போக மனசில்லை. மாவில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"எடுத்ததை அதது அடுக்குல திருப்பி வை! ஒவ்வொரு அடுக்கா தட்டுல போடறேன், இப்ப நிறு!"

வெறும் தட்டை வைத்துத் தராசைச் சைபராக்கினான். முதல் அடுக்கில் பத்து குட்டி மாந்தி: முந்நூற்றொன்று. கடைசி அடுக்கில் மூன்றே மூன்று: இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. நடுவில் இருந்த மூன்று அடுக்கும் சொல்லிவைத்த மாதிரி முந்நூறு.

"சராசரி முந்நூறு. விலகினது ஒண்ணு, ஒண்ணு, மத்ததெல்லாம் சைபர். மொத்தம் ரெண்டு, அஞ்சால வகுத்தா…" அவன் குரல் இறங்கியது. "புள்ளி நாலு."

"ஆளுக்கு ஒரு கிண்ணம் கறி, ஒரு உருண்டை மாவு. கிண்ணத்தைக் கத்தியால வழிச்சுத்தான் போடுவேன். முதல் அடுக்கு ஜுமாஷ் தாத்தாவோடது, பல்லில்ல, பத்தாப் பிரிச்சேன். லாரி ஓட்டுற சபாருக்கு உக்காந்து திங்கப் பொறுமையில்ல, மூணாப் பிரிச்சேன். யாருடா தம்பி கொறைச்சலாத் தின்னது?"

எர்மெக் காகிதத்தை மடித்தான். வெளியே போய் நகரத்துக்குப் போன் போட்டு, "பெட்டி அனுப்பாதீங்க, வேணாம்," என்று சொல்லிவிட்டு வந்தான். அடுத்த ஈடு இறங்கியதும் அனார்குல் அவன் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். பத்து குட்டி மாந்தி.

"இதென்னக்கா, எனக்குப் பல்லில்லையா?"

"ஒரு வாரமா இடது பக்கமாவே மெல்லுறே. வலிக்குதுன்னு வாயைத் தொறந்து சொன்னா என்னவாம்?"

அவன் தலையைத் தூக்காமல் பத்தையும் தின்றான். தராசு பக்கத்திலேயேதான் இருந்தது, நிறுத்துப் பார்க்கவில்லை.