எட்டாத கால்மிதி

பக்கவாதத்தில் பேச்சிழந்த கணவருக்காக, துடுப்பு போடுவதுபோல் உட்கார்ந்து இழுக்கும் உடற்பயிற்சிக் கருவி ஒன்றை நானே வரைந்து, கள்ளக்குறிச்சிப் பட்டறையில் செய்து வாங்கினேன். கால்மிதியை நகர்த்தி வைக்க மூன்று துளைகள்கூட உண்டு. ஆனாலும் அவர் பாதியில் நிறுத்திவிடுவார். சோம்பேறி என்று தினமும் திட்டினேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நாள். பஸ் இல்லாமல் நின்றுவிட்ட கரியாலூர்க்காரர் ஒருவர் தண்ணீர் கேட்டு வந்தார். கணவர் இழுப்பதைச் சற்று நேரம் பார்த்தார்.

"இன்னாங்கம்மா, காலு எட்டலீங்களே. இடுப்பு நோவுது போல அவுருக்கு."

நான் கணவரைவிட உயரம். மூன்று துளைகளுக்கும் என் காலை வைத்துத்தான் அளவெடுத்திருந்தேன்; மிகக் கிட்ட இருந்த துளைகூட அவருக்குத் தூரம்.

வந்தவர் கால்மிதியில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கொடுத்தார். கணவர் நிறுத்தாமல் இழுத்தார்.

ஆறு மாதம் வலியோடுதான் இழுத்திருக்கிறார். ஒருமுறை கேட்டிருந்தால், தலையாட்டியாவது சொல்லியிருப்பார்.